சுத்தமாகப் பிடுங்கிய வயல்

அன்று காலை வயலோரத்தில் யார் யார் நின்றோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

குகன் அண்ணை. எங்களை வேலைக்கு வான் வண்டியில் ஏற்றிப்போய் இறக்குபவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

இந்திராணி. இங்கே நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தவள். அவளுக்கு வாய் ஓயாது. அன்று ஓய்ந்திருந்தது.

மரியதாஸ். மன்னார்ப் பக்கம். அங்கே கடற்தொழில் செய்தவர்.

பிலோமினா, மரியதாசின் மனைவி. சட்டைப் பைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டு நின்றாள்.

தவம். எங்களுக்குள் பிரெஞ்சு தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

லூக். வயலுக்குச் சொந்தக்காரர்.

லூக்கின் தகப்பன். தொண்ணூறை நெருங்கிய மனிதர். டிரக்கின் முன் ஆசனத்தில் இருந்தார். கண்ணாடி மூடியிருந்தது.

நான்.

எட்டுப் பேர். டிரக்கில் இருந்தவரைத் தவிர மற்ற எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் நாள் காலையில் அதில் வெங்காயம் நின்றது. இப்போது வெறும் மண்.

லூக் ஏதோ கேட்டார். சத்தம் போடவில்லை. தவம் அதைத் தமிழில் சொன்னான்.

"பார்லியைப் பிடுங்கச் சொன்னது ஆர் எண்டு கேக்கிறார்."

வான்

போன கிழமைப் பத்தியில், ரொக்ஸ்பரோவில் முழங்காலில் நின்று வீடுகள் துடைத்த கதையை எழுதியிருந்தேன். முழங்கால் போனதா என்று இரண்டு பேர் தொலைபேசியில் கேட்டார்கள். முழங்கால் இருக்கிறது. அந்த வேலைதான் போனது. அதற்குப் பிறகு தோட்ட வேலைக்குப் போனேன்.

செயின்ட்-மிஷேல் மெற்றோ வாசலில் விடிய ஐந்து மணிக்கு வான் வரும். பாலம் தாண்டித் தெற்கே ஒரு மணித்தியாலம். ஏறியவுடன் எல்லோரும் நித்திரை. இந்திராணி மட்டும் கதைத்துக்கொண்டு வருவாள். குகன் அண்ணை நித்திரை கொள்ளாமல் இருக்க அது உதவி என்று மரியதாஸ் சொல்வார். அவளை முன்னால் இருத்துவதற்கு அதுதான் காரணம்.

எங்கள் கூட்டத்துக்கு நான்தான் முன்வரிசை. அதாவது நான் எந்த வரிசையில் குந்துகிறேனோ அதற்குப் பக்கத்தில் மற்றவர்கள் குந்துவார்கள். நான் எழும்பினால் எழும்புவார்கள். யாரும் என்னை வைக்கவில்லை. வயது கூட, கை வேகம் கூட. அப்படி வந்தது.

தவம் எனக்கு இருபது வயது இளையவன். ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவன். இங்கே அகதி வழக்குத் தோற்றுவிட்டது. பிறகு மனிதாபிமான அடிப்படையில் இருக்கவிடச் சொல்லி ஒரு மனுப் போட ஆயத்தம். இந்த நாட்டில் அவன் ஒழுங்காக வேலை செய்கிறான் என்று முதலாளி ஒரு கடிதம் தரவேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆனி மாதம் முடிய முன்னர் கையில் வேண்டும். அது வலுவான கடிதமாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது, இல்லாவிட்டால் கஷ்டம் என்று சொன்னாராம்.

லூக் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். நடவு அவசரம் முடியட்டும், இருந்து எழுதுகிறேன் என்றார். தவம் அதை வானில் எல்லோருக்கும் சொன்னான். பிலோமினா அன்று பின்னேரம் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள்.

கறுப்பு மண்

அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அடுப்புக் கரியை இடித்து விரித்த மாதிரி இருக்கும். கல் இல்லை. கையில் அள்ளினால் பாரம் இல்லை. ஈரமாக இருந்தால் கேக் மாதிரி. காய்ந்தால் மா. வேலை முடிந்து வந்து குளித்தால் குளியல்தொட்டி கறுப்பாகிவிடும். மூக்குச் சிந்தினால் கறுப்பு. மாடிப்படியில் என் சப்பாத்து அடையாளம் இருக்கிறது என்று கீழ்வீட்டு ஹெயிட்டிக்காரி இரண்டு தடவை கதவைத் தட்டியிருக்கிறாள். பிறகு என்னைப் பார்த்துப் பாவப்பட்டு அவளே துடைத்தாள்.

அது முன்னர் சதுப்பு நிலமாம். லூக்கின் தகப்பன் பொடியனாக இருந்த காலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கி வயலாக்கினார்களாம். ஆயிரம் ஆயிரம் வருஷமாக இலையும் பாசியும் உக்கிச் சேர்ந்த மண். தண்ணீர் இறங்கினவுடன் அது காயத் தொடங்கியது. காய்ந்ததைக் காற்று கொண்டுபோனது. காற்று இல்லாத நாளிலும் தானாகக் கரைந்து இறங்குமாம்.

வயலின் ஒரு மூலையில் இரும்புக் குழாய் ஒன்று நிற்கிறது. முதல் வருஷம் அடிக்களி வரைக்கும் இறக்கி, தலை மண்மட்டத்தில் இருக்கும்படி அடித்தார்களாம். நான் பார்த்தபோது அது என் நெஞ்சுக்கு வந்தது. குழாய் வளரவில்லை.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து சில வருஷத்தில் ஒரு பெருங்காற்று வந்து ஒரு வருஷத்து விதைப்பை முழுதாகக் கொண்டுபோனதாம். அதற்குப் பிறகு கிழவர் காற்றுக்குக் குறுக்கே மரம் நட்டார். மூன்று வரிசை. உயர்ந்து வளரும் ஒரு மரம். பெயர் எனக்குத் தெரியாது. கன்று சும்மா கிடைத்ததாம். தண்ணீர் வாளியில் சுமந்து ஊற்றினாராம்.

நாங்கள் போன காலத்தில் ஒரு வரிசைதான் நின்றது. மற்ற இரண்டையும் லூக் வெட்டிவிட்டார். மருந்தடிக்கிற மெஷின் புதிதாக வாங்கினார். அதன் கை அகலம். மரம் நின்றால் திருப்ப முடியாது.

இதெல்லாம் தவம் சாப்பாட்டு நேரத்தில் லூக்கிடம் கேட்டு எங்களுக்குச் சொன்னது. நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். மண் கதை எனக்கு என்னத்துக்கு என்று நினைத்தேன்.

புல்

முந்தின வருஷங்களில் நாங்கள் ஆடி மாதம்தான் லூக்கிடம் போவோம். சலாது என்கிற இலைக்கீரை, கரட், பிறகு வெங்காயம் பிடுங்குவது. அந்த வருஷம், ஆனி வேலைக்கு வழக்கமாக வருகிற வேறு நாட்டு ஆட்கள் வரச் சுணங்கிவிட்டது. ஆனி தொடக்கத்திலேயே வரச்சொன்னார். வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்க.

எனக்குச் சந்தோஷம். வெங்காயம் எனக்குத் தெரிந்த வேலை.

ஊரில் ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்து வெங்காயத்துக்கு விட்டார்கள். எங்களுடையது செம்மண். பாத்தி பாத்தியாகக் கட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் இறைப்பு. பின்னேரம் ஐயா, என் தகப்பன், வரம்பில் நடந்து பார்ப்பார். ஒரு புல் நின்றால் பூவரசம் கம்பால் ஒரு அடி. இரண்டு நின்றால் இரண்டு. கோபத்தில் அடிக்கமாட்டார். கணக்காக அடிப்பார். ஊரில் ஒருவரின் தோட்டத்தில் புல் நின்றால் அந்த வீட்டில் வருத்தம் வந்து படுத்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்பார்கள். கலியாணம் பேச வருகிறவர்களும் முதலில் தோட்டத்தைத்தான் பார்ப்பார்கள்.

நாலு பக்கமும் வேலி. மண் எப்போதும் ஈரம். காற்று மண்ணைத் தூக்கிக்கொண்டு போகும் என்பது நான் கேள்விப்படாத விஷயம்.

வெள்ளிக்கிழமை காலை லூக் தவத்தோடு வயலோரத்தில் நின்று கதைத்தார். கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். பிறகு தகப்பனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவசரமாகப் போய்விட்டார். சனியும் திங்களும் அவர் வயல் பக்கம் வரவில்லை.

தவம் வந்து சொன்னான்.

"அக்கா, வரிசைக்கு இடையிலை நிக்கிற பெரிய புல்லிலை கை வைக்கவேண்டாமாம். சின்னக் களையை மட்டும் எடுக்கட்டாம்."

வயலைப் பார்த்தேன். வெங்காயம் தலைமயிர் தடிப்பில், விரல் நீளத்துக்கு நின்றது. அதற்கு இடையிடையே சாண் உயரத்துக்குப் பச்சைப் புல்.

"வெங்காயத்துக்கை புல்லை விட்டிட்டு என்னத்தைப் பிடுங்கிறது?" என்றேன். "நீ வெங்காயத்தைக் கறியிலைதான் கண்டிருப்பாய்."

எல்லோரும் சிரித்தார்கள். தவமும் சிரித்தான்.

"வடிவாத்தான் சொன்னவர் அக்கா. பார்லியாம்."

"பார்லி எண்டாலும் புல்லுத்தானே" என்று இந்திராணி சொன்னாள். வருத்தம் வந்தால் அவித்துக் குடிக்கலாம், லூக்கின் தகப்பனுக்கு வைத்திருக்கிறார்களாக்கும் என்று மரியதாஸ் சொன்னார். அதற்கும் சிரிப்பு. பிலோமினா மட்டும் விடச்சொன்னால் விடுவோமே என்றாள். நீங்கள் மீன்பிடிகாரர், சும்மா இருங்கள் என்று அவளை அடக்கினேன்.

எனக்கு மனதில் ஒரு கணக்கு இருந்தது. லூக் எங்களை ஆடியில்தான் கூப்பிடுகிறார். இந்த வயலைத் துடைத்த மாதிரிச் செய்து காட்டினால் அடுத்த வருஷமும் ஆனியில் கூப்பிடுவார். புல்லை விடச்சொன்னது ஆட்கூலியை மிச்சம்பிடிக்க என்று நினைத்தேன். வெங்காயம் தெரிந்த ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது என்றும் நினைத்தேன்.

நான் குந்தினேன். பார்லியில் கை வைத்தேன். பக்கத்தில் மற்றவர்கள் குந்தினார்கள். தவம் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவனும் குந்தினான்.

அந்தப் பார்லி நேர்கோட்டில் நின்றது. தானாக முளைக்கிற புல் நேர்கோட்டில் நிற்காது. அதை என் கண் கண்டது. கை நிற்கவில்லை.

வெள்ளி, சனி, திங்கள். மூன்று நாள். திங்கள் பின்னேரம் எழும்பி நின்று திரும்பிப் பார்த்தேன். ஒரு புல் இல்லை. கறுப்பு மண், அதில் பச்சை நூல் இழுத்த மாதிரி வெங்காயம். இந்திராணி கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள். ஐயா வந்து நடந்திருந்தாலும் ஒரு அடி விழாது என்று நினைத்தேன்.

காற்று

செவ்வாய்க்கிழமை. மழை இல்லாமல் இரண்டு கிழமை ஆகியிருந்தது.

நாங்கள் அடுத்த பக்கத்தில் சலாதுக் கன்று நட்டுக்கொண்டிருந்தோம். பத்து மணியளவில் மேற்கிலிருந்து காற்று எழும்பியது. முதலில் புகை மாதிரித்தான் தெரிந்தது. யாரோ எரிக்கிறார்கள் என்றார் மரியதாஸ். பிறகு புகை நிலத்தோடு ஓடுவதைக் கண்டோம்.

வெங்காய வயல் நகர்ந்தது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நிலத்தின் மேல்தோல் எழும்பி கிழக்கே போனது.

லூக் டிராக்டரில் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். எங்களைக் கையாட்டிக் கூப்பிட்டார். ஓடிப்போய்க் குழாய் பூட்டினோம். கண் திறக்க முடியவில்லை. வாய்க்குள் மண். தண்ணீர் பீறியது. காற்று அதையும் தூக்கிக்கொண்டுபோய் றோட்டில் ஊற்றியது. றோட்டில் கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. காலை பதினொரு மணி.

நான் வரிசைக்குள் குந்தி வெங்காயத்தை இரண்டு கையாலும் மறைத்துப் பார்த்தேன். என்ன புத்தியோ. கைக்கு முன்னாலேயே மணல் மாதிரி மண் வந்து அடிக்க, அந்த நூல் இலைகள் அறுந்து போவதைக் கண்டேன். சில வேரோடு எழும்பி உருண்டன.

இரண்டு மணிக்குக் காற்று விழுந்தது.

வாய்க்கால் தெரியவில்லை. கறுப்பு மண்ணால் நிரம்பி வயலோடு வயலாக இருந்தது. அதற்கு அப்பால் அடுத்த வீட்டுக்காரரின் வயல். அவருடைய வெங்காயமும் அதே வயதுதான். இடையில் பார்லி நின்றது. அந்தப் பார்லி காற்றில் படுத்து எழும்பிக்கொண்டிருந்தது. அடியில் வெங்காயம் அப்படியே நின்றது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

பின்னேரம் லூக் வயலுக்குள் நடந்தார். குனிந்து வரிசைக்கு இடையில் விரலால் கிண்டிப் பார்த்தார். பார்லியின் வேரைத் தேடினார். வேரும் இல்லை. நாங்கள் வேரோடு பிடுங்கியிருந்தோம்.

அன்று எங்களோடு அவர் கதைக்கவில்லை. அடுத்த நாள் காலை நாங்கள் வானால் இறங்கினபோது வயலோரத்தில் காத்து நின்றார். தகப்பனையும் டிரக்கில் கொண்டுவந்திருந்தார்.

கேள்வி

தவம் கேள்வியைச் சொன்னவுடன் குகன் அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்தார்.

"நான்தான் எண்டு சொல்லு, தம்பி" என்றேன். "நீ சொன்னனி, நான் கேக்கேல்லை. அப்பிடியே சொல்லு."

தவம் என்னைப் பார்த்தான். லூக்கிடம் திரும்பினான். கொஞ்சம் கதைத்தான். எனக்குப் பிரெஞ்சில் பத்துச் சொல்தான் தெரியும். அதில் ஒன்று 'முவா'. நான் என்று அர்த்தம். அவன் அந்தச் சொல்லைச் சொன்னபோது கை அவனுடைய நெஞ்சில் இருந்தது.

லூக் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு மண்வெட்டிகள் இருக்கிற கொட்டிலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் தவத்தின் கையைப் பிடித்தேன். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நான் பிழையா விளங்கிப்போட்டன் எண்டு சொன்னன். விடுங்கோ அக்கா. உங்களைப் போகச்சொன்னா எல்லாரும் போகவேணும். என்னிலை அவருக்கு நல்ல எண்ணம். கடிதம் தாறன் எண்டு வாயாலை சொன்னவர்தானே."

அதைக் கேட்டுக்கொண்டு ஐந்து பேர் நின்றோம். ஒருவரும் லூக்கின் பின்னால் ஓடவில்லை. ஓடியும் என்ன கதைப்பது. எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து வாய் அவன் ஒருவன்தான்.

அந்தக் கிழமை முழுவதும் வாய்க்காலில் இருந்து மண் அள்ளினோம். வாளியில் அள்ளி, தள்ளுவண்டியில் போட்டு, வயலில் கொண்டுபோய் விரித்தோம். காற்று நாலு மணித்தியாலத்தில் கொண்டுபோனதை ஏழு நாள் அள்ளியும் திருப்பி வைக்க முடியவில்லை. வாய்க்காலைத் தாண்டிப் போனது போனதுதான். வெங்காயம் திரும்ப விதைக்கக் காலம் பிந்திவிட்டது என்றார் லூக். மேலே வைக்கோல் போட்டு மூடினோம். அந்த வயல் அந்த வருஷம் அப்படியே கிடந்தது.

வானில் குகன் அண்ணை ஒருநாள் சொன்னார்:

"விடு தங்கச்சி. அவன் சொல்லிப்போட்டான். இனி அதைக் கிண்டினா அவனைப் பொய்யன் எண்டுவினம்."

எனக்கு அது சுகமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கடிதம்

மாதக் கடைசியில் தவம் கடிதம் கேட்டான். லூக் இந்த வருஷம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். சொன்னதை விளங்கிச் செய்கிற ஆள் என்று எழுத அவருக்குக் கை வரவில்லையாம். அதையும் தவம்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னான்.

நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

"எந்தப் பாஷையிலை?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

என் மகள் இங்கே குழந்தைகள் காப்பகத்தில் வேலை. கார்தெரி என்பார்கள். பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர். ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போ என்றால் போயிருப்பாள். நான் கேட்கவில்லை. வயல் வேலையை விடச்சொல்லி ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தாள். வேலை போய்விடும் என்ற பயம். மற்றவர்களின் வேலையும் என்னால் போய்விடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வெங்காயம் தெரியாதவள் என்று மகள் முன்னால் ஆகவேண்டுமே என்பதும் இருந்தது. கடைசியாகச் சொன்னதுதான் பெரிது.

கடிதம் இல்லாமல் மனுப் போனது. நாங்கள் சலாது வெட்டினோம். ஆடி போனது. தவம் பகிடி விடுவதைக் குறைத்தான். என்னோடு கதைத்தான். குறைவில்லாமல் கதைத்தான். அது இன்னும் கஷ்டம்.

ஆவணியில் அவனுக்கு நாட்டை விட்டுப் போகிற திகதி வந்தது. புதன்கிழமை. வானில் அந்தக் காகிதத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். எங்களில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. அவன் மடித்துப் பைக்குள் வைத்தான்.

அதற்கு முந்தின ஞாயிறு மகளிடம் சொன்னேன். அவள் கார்த் திறப்பை எடுத்தாள்.

லூக் வீட்டுக் குசினியில் மேசைக்கு முன்னால் இருந்தோம். கிழவர் யன்னலோரம் இருந்தார். நான் தமிழில் சொல்ல மகள் பிரெஞ்சில் சொன்னாள். தவம் விடச்சொன்னது, நான் கேட்காதது, கறி என்று பகிடி பண்ணியது, நேர்கோட்டில் நின்றதைக் கண்டது, எல்லாம். லூக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

முடிந்த பிறகு யன்னலோரத்தில் இருந்து கிழவர் ஏதோ சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மகனைப் பார்த்துச் சொன்னார்.

"என்னவாம்?" என்று மகளைக் கேட்டேன்.

"தான் மூண்டு வரிசை மரம் நட்டவராம். இவர் ரெண்டை வெட்டினவராம். இந்த மனிசியிலை என்ன பிழை எண்டு கேக்கிறார்."

லூக் எழும்பிப்போய்த் தாள் எடுத்துவந்தார். அந்த மேசையிலேயே இருந்து எழுதினார். ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டார். வேலையை விட்டு நிற்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். நாளைக்கு வா என்றுதான் சொன்னார்.

மரம் வெட்டியது அவர்தான். பார்லியைப் பிடுங்கியது நான்தான். கிழவர் சொன்னதை வைத்து நான் என்னைக் கழற்றிக்கொள்ள மாட்டேன்.

கந்தோர்

திங்கள் நான் வயலுக்குப் போகவில்லை. மெற்றோவில் வக்கீல் கந்தோருக்குக் கடிதத்தைக் கொண்டுபோனேன். மடியாமல் இருக்க இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்திருந்தேன்.

அங்கே வேலை செய்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. கண்ணாடி போட்டவள். நின்றபடியே வாசித்தாள். பிறகு இருந்து இன்னொரு தடவை வாசித்தாள்.

நல்ல கடிதம் என்றாள். இப்படி ஒன்று கிடைப்பது குறைவு என்றாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

"அன்ரி, இது ஆனியிலை வந்திருக்கவேணும்."

இனி ஒன்றும் செய்ய ஏலாதா என்று கேட்டேன். அனுப்பிப் பார்க்கிறோம், புதன்கிழமைக்குள் யாரும் பார்ப்பார்கள் என்று சொல்லமாட்டேன் என்றாள். ஆனியில் வந்திருந்தால் அவனை விட்டிருப்பார்களா என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றாள். பொய் சொல்லாத பிள்ளை.

புதன் காலை தவம் விமான நிலையத்தில் இருந்து தொலைபேசி எடுத்தான். கடிதம் கிடைத்ததை அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"வாசிச்சுக் காட்டினவை அக்கா. என்னைப் பற்றி நல்லா எழுதியிருக்கிறார்."

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். வைக்கிறன் என்றான்.

ஆனால் அது புதன்கிழமை. திங்கள் நடந்ததில் இன்னும் ஒன்று இருக்கிறது.

அந்தப் பிள்ளை கடிதத்தோடு சேர்த்து அனுப்ப ஒரு குறிப்பு எழுதவேண்டும் என்றாள். ஏன் பிந்தியது என்று கேட்பார்களாம். உண்மை எப்போது தெரியும், எப்போது சொல்லப்பட்டது என்று நாள் போட்டு எழுதவேண்டுமாம்.

"எத்தினை நாள் பிந்தினது எண்டு சரியாச் சொல்லுங்கோ அன்ரி. சும்மா எழுத ஏலாது."

மேசையில் ஒரு கலண்டர் இருந்தது. லூக் கேள்வி கேட்ட புதன்கிழமையைக் கண்டுபிடித்து விரலை வைத்தேன். அங்கிருந்து குசினி மேசையில் நான் வாய் திறந்த ஞாயிறு வரைக்கும் எண்ணினேன். அவள் பேனையோடு காத்திருந்தாள். பிழை வரக்கூடாது என்று இரண்டாம் தரமும் எண்ணினேன்.

அறுபத்தேழு.